தடுக்கும் அதிகாரமும் சேரும் பாதையும்: போஸ்னியா ஹெர்சகோவினாவின் ஐரோப்பிய இணைவு

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பும் நாடு, அந்த ஒன்றியத்தின் சட்டத் தொகுதி முழுவதையும் தன் சட்டமாக்கிக்கொள்ள வேண்டும். பால் பண்ணைச் சுகாதாரம் முதல் நீதிபதி நியமனம் வரை ஒவ்வொரு துறையிலும் சட்டம் இயற்றி, அதைச் செயல்படுத்தும் அமைப்பை நிறுவி, பிரஸ்ஸல்ஸுடன் ஒரே குரலில் பேசும் மத்திய அரசு அதற்குத் தேவை. போஸ்னியா ஹெர்சகோவினாவில் அத்தகைய அரசு இன்றுவரை உருவாகவில்லை. 2003ஆம் ஆண்டு தெசலோனிக்கி உச்சி மாநாட்டில் மேற்கு பால்கன் நாடுகள் அனைத்துக்கும் உறுப்புரிமை வாய்ப்பு உறுதியளிக்கப்பட்டது. அண்டை நாடான குரோஷியா 2013 ஜூலை 1 அன்று உறுப்பு நாடாகிவிட்டது. போஸ்னியா 2016 பிப்ரவரியில்தான் விண்ணப்பித்தது; வேட்பாளர் நாடு என்ற தகுதி 2022 டிசம்பரில் கிடைத்தது; பேச்சுவார்த்தையைத் தொடங்கலாம் என்ற முடிவு 2024 மார்ச்சில் வந்தது. இந்தத் தாமதத்துக்குப் போர்க்காலப் பகைமையைக் காரணம் காட்டுவது வழக்கம். பகைமை இருப்பது உண்மைதான். ஆனால் அதைவிட வலுவான காரணம், அந்தப் பகைமையைப் பதவியாக மாற்றித் தரும் அரசியலமைப்பில் இருக்கிறது.

அந்த அரசியலமைப்பு மக்களவை எதிலும் விவாதித்து எழுதப்பட்டதன்று. சுமார் 1,00,000 உயிர்களைக் குடித்த போரை நிறுத்த, அமெரிக்காவின் டேட்டன் நகரத்து விமானப்படைத் தளத்தில் 1995 நவம்பரில் பேசி முடிக்கப்பட்ட சமாதான உடன்படிக்கையின் நான்காம் பிற்சேர்க்கையே நாட்டின் அரசியலமைப்பு. நிலப்பரப்பில் ஏறத்தாழ 51 விழுக்காடு போஸ்னியாக்குகளும் (போஸ்னிய முஸ்லிம்கள்) குரோஷியர்களும் பெரும்பான்மையாக வாழும் கூட்டமைப்புக்கும், 49 விழுக்காடு செர்பியர்களின் ஸ்ர்ப்ஸ்கா குடியரசுக்கும் ஒதுக்கப்பட்டன. கூட்டமைப்புக்குள் மட்டும் பத்து மாவட்ட அரசுகள், ஒவ்வொன்றுக்கும் தனி அமைச்சரவை. நாட்டின் தலைமைப் பதவியை மூவர் பகிர்கின்றனர்: கூட்டமைப்பிலிருந்து ஒரு போஸ்னியாக், ஒரு குரோஷியர், ஸ்ர்ப்ஸ்கா குடியரசிலிருந்து ஒரு செர்பியர்.

நாடாளுமன்றத்தில் தடுப்புக்கான வழிகள் பல. மக்களினங்களின் அவையில் இனத்துக்கு ஐவராகப் பதினைந்து பேர். இனத்துக்கு மூவராவது வந்திருந்தால்தான் அவை கூடும். எனவே ஏதேனும் ஓர் இனத்தின் மூன்று உறுப்பினர்கள் வராமல் இருந்தாலே போதும், அன்று அவை நடவாது. 42 பேர் கொண்ட பிரதிநிதிகள் அவையில், ஸ்ர்ப்ஸ்கா குடியரசிலிருந்து வரும் 14 பேரில் பத்துப் பேர் எதிர்த்தால் எந்தச் சட்டமும் நிறைவேறாது. ஓர் இனத்தின் இன்றியமையாத நலன் பாதிக்கப்படுகிறது என்று மற்ற அவையில் வாதிட்டால், விவகாரம் இறுதியில் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போகக்கூடும். பத்துப் பேரின் எதிர்ப்புக்கோ அத்தகைய சோதனை கிடையாது; காரணம் சொல்லவும் தேவையில்லை. நடைமுறையில் அதிகம் பயன்பட்டதும் இந்த வழியே. செலவின்றிக் கிடைக்கும் தடுப்பதிகாரத்தை அரசியல்வாதிகள் கைவிட மாட்டார்கள் என்பதில் வியப்பில்லை.

இந்த ஏற்பாட்டில் இடமே இல்லாதவர்களும் உண்டு. ரோமா இனத்தவரான டெர்வோ செய்டிச்சும் யூதரான யாக்கோப் ஃபின்சியும் தலைமைப் பதவிக்கோ மக்களினங்களின் அவைக்கோ போட்டியிட முடியாது. அரசியலமைப்பின் மொழியில் அவர்கள் ‘மற்றவர்கள்’. இது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 2009 டிசம்பர் 22 அன்று தீர்ப்பளித்தது. எந்த இனத்தையும் அறிவிக்க மறுத்து, குடிமகள் என்று மட்டும் சொல்லிக்கொண்ட அஸ்ரா சோர்னிச் 2014இல் வென்றார். ஸ்ரெப்ரெனிட்சாவில் வாழும் போஸ்னியாக்கான இலியாஸ் பிலாவ் 2016இல் வென்றார். ஸ்ர்ப்ஸ்கா குடியரசில் வசிப்பதால் அவருக்குத் தலைமைப் பதவிக்கான போட்டியில் இடமில்லை. இனப்படுகொலை நடந்த ஊரில் உயிர் தப்பி வாழ்கிறவரின் உரிமையை, அமைதிக்காக எழுதப்பட்ட சட்டமே பறிக்கிறது என்பது சகிக்கத்தக்கதன்று. முதல் தீர்ப்பு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அரசியலமைப்பு திருத்தப்படவில்லை. திருத்தத்துக்கு ஒப்ப வேண்டியவர்கள், இப்போதைய விதிகளால் பதவிக்கு வந்தவர்களே.

அதற்கு முன்பே ஒரு வாய்ப்பு நழுவியிருந்தது. மத்திய அரசை ஓரளவு வலுப்படுத்தும் திருத்தங்கள் 2006 ஏப்ரலில் வாக்கெடுப்புக்கு வந்தன. தேவை 28 வாக்குகள்; கிடைத்தது 26. தடுத்தவர்கள் செர்பியக் கட்சிகள் அல்லர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. போஸ்னியாக் அரசியல்வாதி ஹாரிஸ் சிலாய்ஜிச்சின் கட்சி, ஸ்ர்ப்ஸ்கா குடியரசின் அதிகாரத்தை அத்திருத்தங்கள் போதுமான அளவு குறைக்கவில்லை என்று எதிர்த்தது. தங்கள் கட்சியிலிருந்து பிரிந்து வந்த குரோஷிய உறுப்பினர்களும் சேர்ந்துகொண்டனர். அதே ஆண்டுத் தேர்தலில் சிலாய்ஜிச் தலைமைப் பதவியின் போஸ்னியாக் இடத்தைப் பிடித்தார். ஸ்ர்ப்ஸ்கா குடியரசைத் தொட விடமாட்டேன் என்று முழங்கிய மிலோராட் டோடிக் மறுபக்கத்தில் பெருவெற்றி பெற்றார். ஒருவரின் பிடிவாதம் மற்றவரின் வாக்கு வங்கியை நிரப்பியது.

காவல்துறைச் சீர்திருத்தம் வேறொரு பாடத்தைத் தருகிறது. காவல் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்க வேண்டும், காவல் எல்லைகள் அரசியல் எல்லைகளைப் பின்பற்றாமல் தொழில்நுட்ப அளவுகோல்படி அமைய வேண்டும் என்று ஒன்றியம் நிபந்தனை விதித்தது. பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2008 ஏப்ரலில் நிறைவேறிய சட்டங்கள் சில ஒருங்கிணைப்பு அமைப்புகளை மட்டுமே உருவாக்கின; காவல்படைகள் முன்போலவே பிரிந்து நின்றன. ஆனாலும் 2008 ஜூனில் நிலைப்படுத்தல் மற்றும் இணைவு ஒப்பந்தம் கையெழுத்தானது. உறுதியாக நின்று மறுத்தால் பிரஸ்ஸல்ஸ் இறங்கி வரும் என்று உள்ளூர்த் தலைவர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டனர்.

இனக்கட்சிகளின் பேரத்துக்கு விலை கொடுப்பவர்கள் சாதாரண மக்கள். மத்திய அரசில் வேளாண் அமைச்சகமே இல்லை. அதை அமைப்பது அதிகாரப் பறிப்பு என்று ஸ்ர்ப்ஸ்கா குடியரசு தொடர்ந்து எதிர்த்துவந்தது. உணவுப் பாதுகாப்பைச் சான்றளிக்கும் ஒழுங்கான ஏற்பாடு உரிய நேரத்தில் அமையாததால், 2013இல் குரோஷியா ஒன்றியத்துக்குள் போனதும் எல்லைக்கு அப்பால் பால் விற்றுவந்த போஸ்னிய உற்பத்தியாளர்கள் சந்தையை இழந்தனர். அவர்களுள் செர்பியரும் உண்டு, குரோஷியரும் உண்டு, போஸ்னியாக்கும் உண்டு. வேட்பாளர் நாடுகளுக்கான ஊரக வளர்ச்சி நிதியைக் கையாளும் அமைப்பு இல்லாததால் அந்த வாய்ப்பும் கைக்கு எட்டவில்லை. அதே 2013இல் பிறந்த குழந்தைகளுக்கு அடையாள எண் வழங்க முடியாமல் போனது. எண்ணில் பிரதேச எல்லை எப்படித் தெரிய வேண்டும் என்ற சண்டையில் சட்டம் காலாவதியாகி, சிகிச்சைக்காக வெளிநாடு செல்ல வேண்டிய கைக்குழந்தைக்குக்கூடக் கடவுச்சீட்டு கிடைக்கவில்லை. ஜூன் மாதத்தில் பெற்றோர் கைக்குழந்தைகளோடு சரயேவோ நாடாளுமன்றத்தை முற்றுகையிட்டனர். மக்களிடையே பகைமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்போர் இந்தப் போராட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும்.

இனம் அரசியலில் நுழைந்தாலே இணைவு கெடும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. ஸ்லோவாக்கியா நேர்மாறான சான்று. விளாடிமிர் மெச்சியாரின் ஆட்சியில் அந்நாடு 1997இல் முதல் சுற்றுப் பேச்சுவார்த்தையிலிருந்து ஒதுக்கப்பட்டது. 1998 தேர்தலுக்குப் பின் ஹங்கேரியச் சிறுபான்மையினரின் கட்சி மிக்குலாஷ் ஜுரிந்தாவின் கூட்டணி அரசில் சேர்ந்தது. 2004இல் நாடு ஒன்றியத்தில் இணைந்தது. அங்கே இனக்கட்சிக்கு அமைச்சரவையில் பங்கு இருந்தது. நாட்டை முடக்கும் சாவி இருக்கவில்லை. பெல்ஜியத்திலும் மொழிக் குழுக்களுக்குத் தற்காப்பு வழிகள் உண்டுதான். ஆனால் அது தொடக்கத்திலிருந்தே உறுப்பு நாடு. வாசலில் நின்று தேர்வு எழுத வேண்டிய நிலை அதற்கு வந்ததில்லை.

சிறுபான்மையினரின் அச்சத்தைப் பொய்யென ஒதுக்கவும் முடியாது. 2013 கணக்கெடுப்பின்படி போஸ்னியாக்குகள் 50.1 விழுக்காடு, செர்பியர் 30.8, குரோஷியர் 15.4. தலைமைப் பதவியின் குரோஷிய இடத்துக்கு ஜெல்கோ கோம்ஷிச் திரும்பத் திரும்பத் தேர்வானபோது, போஸ்னியாக் வாக்குகளால் தங்கள் பிரதிநிதியை மற்றவர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று குரோஷியக் கட்சிகள் குறைபட்டன. அக்குறையில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு அவர்கள் கேட்ட தீர்வு, வாக்காளர்களை இன்னும் இறுக்கமாக இனவாரியாகப் பிரிப்பது. அதை ஏற்றால் செய்டிச்சுக்கும் ஃபின்சிக்கும் கதவு மேலும் இறுகும்.

ஒன்றியத்தின் பங்கையும் மறைக்கக் கூடாது. பாகுபாட்டுத் தீர்ப்பை நிறைவேற்றாதவரை 2008இல் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வராது என்று பல ஆண்டுகள் சொன்ன பின், 2014 நவம்பரில் பிரிட்டனும் ஜெர்மனியும் முன்வைத்த திட்டம் அந்த நிபந்தனையைத் தள்ளிவைத்தது. 2015 ஜூன் 1 அன்று ஒப்பந்தம் அமலானது. பொருளாதாரச் சீர்திருத்தம் முதலில் வரட்டும், அரசியல் பின்னால் இளகும் என்பது கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. மேலும் பேச்சுவார்த்தைகள் பெரும்பாலும் நாடாளுமன்றத்துக்கு வெளியே, ஏழெட்டுக் கட்சித் தலைவர்களோடு நடந்தன. நிறுவனங்கள் மெலிய, தலைவர்கள் வலுப்பெற்றனர். ஐரோப்பிய ஆணையத்தின் 2019 மதிப்பீடு 14 முன்னுரிமைகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் நுட்பமானது ஒன்று: கீழ்நிலை அரசு ஒன்றியச் சட்டத்தை மீறினால், மீறலைத் தடுக்க மத்திய அரசு தற்காலிகமாக அந்த அதிகாரத்தைச் செயல்படுத்தும் ஏற்பாடு. அதிகாரத்தை நிரந்தரமாகப் பறிக்காமல் முடக்கத்தை மட்டும் நீக்குவதால், அரசியலமைப்பை முழுவதும் மாற்றுவதைவிட எளிதில் ஏற்கத்தக்க வழி இதுவே.

2025இல் நெருக்கடி உச்சம் தொட்டது. டேட்டன் உடன்படிக்கையின் அமலாக்கத்தைக் கண்காணிக்கும் சர்வதேச உயர் பிரதிநிதியின் முடிவுகளை மீறியதற்காக, ஸ்ர்ப்ஸ்கா குடியரசின் தலைவராக இருந்த டோடிக்குக்குப் பிப்ரவரியில் ஓராண்டு சிறையும் ஆறாண்டு பதவித் தடையும் விதிக்கப்பட்டன. ஆகஸ்டில் தீர்ப்பு உறுதியாகி அவர் பதவி இழந்தார். மேற்கு பால்கனுக்கான 600 கோடி யூரோ வளர்ச்சித் திட்டத்தில் பங்கு பெறத் தேவையான சீர்திருத்த வரைவை, ஆறு நாடுகளில் கடைசியாக, அந்த ஆண்டு செப்டம்பரில்தான் போஸ்னியா அனுப்பியது. பேச்சுவார்த்தை மெய்யாகத் தொடங்க, நீதிமன்றங்கள் பற்றிய சட்டமும் நீதிபதிகள், அரசு வழக்குரைஞர்களுக்கான மன்றம் பற்றிய சட்டமும் தலைமைப் பேச்சாளர் நியமனமும் வேண்டும் என்று ஆணையம் கேட்டது. நீதிமன்றச் சட்டம் நின்றுபோன காரணங்களுள் ஒன்று, மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் எந்த ஊரில் அமைய வேண்டும் என்பது. சரயேவோவிலா, ஸ்ர்ப்ஸ்கா குடியரசின் எல்லைக்குள்ளா என்ற அந்தக் கேள்விக்கு ஒன்றியச் சட்டத்தில் விடை கிடையாது. அது உள்நாட்டுக் கட்சிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய பேரம்.