மன்னரின் மோவாய்

வெண்ணந்தூருக்கும் ஸ்பெயின் தேசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டிருந்தால், சென்ற வருஷம் வரையில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் பெரிய சாலையை விட்டு மேற்கே விலகிப் போனால் வெண்ணந்தூர் வரும். நெசவாளர்களின் ஊர். எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம் நம்மோடு கூடவே நடந்து வரும். ஒரு காலத்தில் கைத்தறியின் நிதானமான ஓசை. இப்போது பெரும்பாலும் விசைத்தறியின் இடைவிடாத இரைச்சல். பல வருஷங்களுக்கு முன் ஒரு நாவலுக்காக நெசவுத் தொழிலைப் பற்றித் தெரிந்துகொள்ள அங்கே போனேன். அப்போது எனக்குப் பாவு எது, ஊடை எது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த நண்பர் இன்று இல்லை. அவருடைய குடும்பத்தைப் பார்த்து வரலாமென்றுதான் போன ஆண்டு போயிருந்தேன்.

நண்பரின் மகனுக்கு இப்போது வயது இருபத்தொன்பது. "வாங்க" என்று வரவேற்றான். வரவேற்கும்போதே வலது கை தானாக எழுந்து வாயை மறைத்துக்கொண்டது. பேசி முடிக்கும் வரையில் கை இறங்கவில்லை. அது மரியாதைக்காக வைத்த கை அல்ல என்பது சற்று நேரத்தில் புரிந்தது. அவனுடைய கீழ்த்தாடை முன்னால் நீண்டிருந்தது; கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைக்கு வெளியே நின்றன. அதை உலகம் பார்க்காமலிருக்கத்தான் அந்தக் கை.

மேல் பற்கள் முன்னால் நீண்டால் அதற்கு எத்துப்பல் என்று பெயர் வைத்திருக்கிறோம். கீழ்த்தாடை நீண்டால் நல்ல பெயர் ஒன்றும் இல்லை, பட்டப்பெயர்தான் உண்டு. பள்ளிக்கூடத்தில் அந்தப் பட்டப்பெயரைத் தாங்க முடியாமல் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார்ந்துவிட்டான் என்று அவனுடைய தாயார் சொன்னார். அப்போது எனக்கு ஒரு பழைய மாலை நேரம் ஞாபகம் வந்தது. நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

அவன் எட்டு வயதுப் பையனாக இருந்தபோது, என் நண்பர் அவனைக் கைப்பிடித்து என் முன்னால் நிறுத்தி, "ஏனுங்க, நீங்க நாலு எடம் போய்வர்றவரு. இதுக்கு ஏதாச்சும் வைத்தியம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பையன் வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எழுத்தாளனுக்கு அந்த வார்த்தை சுலபத்தில் வருவதில்லை.

இந்த நினைவோடு நான் உட்கார்ந்திருந்தபோது உள்ளேயிருந்து ஒரு சிறுமி ஓடி வந்தாள். அவனுடைய அக்காள் மகள், வயது எட்டு. "வணக்கம்" என்று கூறிச் சிரித்தாள். அதே தாடை. ஆனால் அவள் இன்னும் வாயை மறைக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

"இது எங்க வூட்டு மொகக்களைங்க" என்றார் பாட்டியம்மாள். "எங்க வூட்டுக்காரருக்கும் லேசா இப்பிடித்தான். அவரு எனக்குத் தாய்மாமனுங்க. எங்க அம்மாயிக்கும் இருந்துச்சும்பாங்க. வளர வளரச் சரியாப் போயிருமுன்னு நீங்கதானே அப்பச் சொன்னீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் சேலத்தில் ஒரு பல் வைத்தியரைப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். அன்றிரவு தூக்கம் வராததால், அந்த வீட்டாருக்கு நான் அறிந்த ஒரு ராஜகுடும்பத்தின் கதையைச் சொன்னேன். நேயர்களுக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் ஹாப்ஸ்பர்க் என்று ஓர் அரச வம்சம் இருந்தது. அந்த வம்சத்தில் 1500-ஆம் ஆண்டில் பிறந்த ஐந்தாம் சார்லஸ் பாதி ஐரோப்பாவையும், கடலுக்கு அப்பாலுள்ள அமெரிக்க நாடுகளையும் ஆண்டவர். ஆனால் அவருக்கு மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தாது. வாய் பாதி திறந்தே இருக்கும். இளம் வயதில் அவர் முதல் முறையாக ஸ்பெயினுக்கு வந்தபோது, ஒருவன், "மகாராஜா, வாயை மூடிக்கொள்ளுங்கள்; இந்த ஊர் ஈக்கள் பொல்லாதவை" என்று சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. பிற்காலத்தில் அவர் தாடி வளர்த்துக்கொண்டார். வெண்ணந்தூர் வாலிபன் கையால் செய்வதைச் சக்கரவர்த்தி தாடியால் செய்தார் போலும்.

அவர்களுக்கு ராஜ்யம் கை மாறிவிடக் கூடாதே என்ற கவலை. ஆகவே உறவுக்குள்ளேயே பெண் கொண்டார்கள், பெண் கொடுத்தார்கள். சார்லஸின் மகன் இரண்டாம் பிலிப் 1570-ல் தம் தங்கை மகளை மணந்தார். அவருடைய பேரன் நான்காம் பிலிப் 1649-ல் அதே காரியத்தைச் செய்தார். அந்தப் பெண், அவர் முதலில் தம் மகனுக்கென்று நிச்சயித்திருந்தவள். மகன் இறந்துபோகவே தாமே கட்டிக்கொண்டார். நம்மவர்கள் பெரும்பாலும் அக்காள் மகளோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த மன்னர்கள் தங்கை மகளையும் விடவில்லை.

நான்காம் பிலிப்பின் மகன்தான் இரண்டாம் சார்லஸ். 1661-ல் பிறந்து, நான்கு வயது நிறையும் முன்பே அரியணை ஏறியவர். தாடையின் கோளாறினால் உணவை மெல்லுவதே அவருக்குப் பெரும்பாடு, பேச்சும் தெளிவில்லை. உடம்பில் வேறு பல நோய்களும் இருந்தன. இரண்டு மனைவியர் இருந்தும் வாரிசு இல்லை. 1700-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி அவர் கண்ணை மூடினார். பட்டம் யாருக்கு என்ற கேள்வியில் ஐரோப்பாவின் வல்லரசுகள் எல்லாம் மோதிக்கொண்டன. 1701-ல் தொடங்கிய அந்த யுத்தம் 1714 வரையில் நடந்தது. ஸ்பெயினின் கிரீடம் பிரெஞ்சு அரச குடும்பத்துக்குப் போய்விட்டது. எது கைமாறக் கூடாது என்று இருநூறு வருஷம் உறவுக்குள்ளேயே கல்யாணம் செய்தார்களோ, அது அந்தக் கல்யாணங்களினாலேயே கைமாறிற்று என்று கருதுவோர் உண்டு.

இது வெறும் ஊகமில்லை. ஸ்பெயின் நாட்டு மரபியல் அறிஞர்கள் 2009-ல் இந்தக் குடும்பத்தின் வம்சாவளியைக் கணக்கிட்டார்கள். தாய்மாமனும் மருமகளும் மணந்து பெற்ற குழந்தைக்கு, தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் ஒரே மூதாதையின் ஒரே கூறு வந்து சேரும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டரை. உடன்பிறந்தோர் கூடிப் பெறும் குழந்தைக்கு இருபத்தைந்து. இரண்டாம் சார்லஸுக்கோ அது இருபத்தைந்தையும் தாண்டிவிட்டது! பிறகு 2019-ல், முகத்தாடை அறுவை வைத்தியர்கள் பத்துப் பேர் அந்த வம்சத்தினர் 15 பேரின் 66 ஓவியங்களை ஆராய்ந்தார்கள். உறவு நெருங்க நெருங்கத் தாடை நீள்வது அதிகமாயிற்று என்று கண்டார்கள். ராஜாக்களை உள்ளபடியே தீட்டிவிட்டுப் போன டிஷியன், வெலாஸ்க்வெஸ் முதலிய ஓவியர்கள், தம்மை அறியாமலே வைத்தியத்துக்குச் சாட்சி எழுதி வைத்திருக்கிறார்கள்.

கதை முடிந்ததும் பாட்டியம்மாள் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்ப, நாங்க கட்டிக்கிட்டது தப்புங்களா?" என்று கேட்டார். நாற்பது வருஷம் ஒருவரோடு வாழ்ந்து அவரை மண்ணில் வைத்துவிட்டு வந்த பெண்மணி கேட்கும் கேள்வி அது.

"தப்பில்லை, அம்மா" என்றேன். "உறவில் மணந்த எத்தனையோ குடும்பங்களில் இந்தத் தாடை இல்லை. அந்நியத்தில் மணந்த குடும்பங்களிலும் இது உண்டு. பரம்பரையில் ஒளிந்திருப்பது, தலைமுறை தலைமுறையாக ஒரே ரத்தம் சேரும்போது சுலபமாக வெளியே வந்துவிடுகிறது. அவ்வளவுதான். நடந்ததைப் பற்றி யோசிக்க வேண்டாம். நாளைக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி."

அந்த மன்னர்களுக்கு வைத்தியம் செய்ய யாரும் இல்லை. இரண்டாம் சார்லஸ் இறந்து 28 வருஷம் கழித்துத்தான், 1728-ல், பிரான்சில் பியர் ஃபோஷார் என்பவர் பல் வைத்தியத்தைப் பற்றிய தம் பெரிய நூலை வெளியிட்டார். கோணல் பல்லை உலோகப் பட்டையில் கட்டி இழுக்கும் முறை அதில் இருக்கிறது. பல்லை இழுக்கலாம், எலும்பை என்ன செய்வது? 1849-ல் அமெரிக்காவில் ஹல்லிஹென் என்ற வைத்தியர், சிறு வயதில் தீப்புண்பட்டுத் தாடை நீண்டுபோன ஒரு பெண்ணுக்குக் கீழ்த்தாடை எலும்பை அறுத்துச் சரி செய்தார். 1897-ல் செயின்ட் லூயி நகரத்தில் பிளேர் என்பவர், இயல்பாகவே நீண்ட தாடையின் எலும்பில் ஒரு துண்டை நீக்கிப் பின்னுக்குத் தள்ளினார். அந்த நகரத்தோடு தொடர்புடைய எட்வர்ட் ஆங்கிள் 1899-ல் பற்பொருத்தக் கோளாறுகளை மூன்று வகையாகப் பிரித்தார். கீழ்வரிசை முன்னால் நிற்பது மூன்றாம் வகை. இன்றும் உலகெங்கும் வைத்தியர்கள் அந்த எண்ணைத்தான் சொல்லுகிறார்கள். 1950-களில் ஸுரிச் நகரத்து ஓப்வெகஸர், முகத்தில் வெளித் தழும்பே விழாமல், வாய்க்குள்ளிருந்தே எலும்பைப் பிளந்து நகர்த்தும் வழியைக் கண்டார்.

நம் நாட்டில் டாக்டர் ஆர். அகமது 1920-ல் கல்கத்தாவில் முதல் பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் 1953-ல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் வைத்தியப் படிப்பு வந்தது. வெண்ணந்தூரிலிருந்து எட்டும் தூரத்திலேயே இன்று சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் வைத்தியக் கல்லூரிகள் இருக்கின்றன. என் நண்பர் என்னைக் கேட்ட அன்றைக்கும் வழி இருந்தது. நான்தான் விசாரிக்கவில்லை.

சேலத்து வைத்தியர் முதலில் சிறுமியிடம், "முன்பல்லின் நுனியோடு நுனி வைத்துக் கடி, பார்க்கலாம்" என்றார். சில குழந்தைகளுக்கு ஏதோ ஒரு பல் தடுக்கும். அதற்காகத் தாடையை முன்னால் தள்ளிக் கடிப்பார்கள். அப்படியானால் ஒரு சிறு தட்டு மாட்டினாலே போதும். இவளுக்கு அப்படி இல்லை. பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே படத்தைக் காட்டி அவர் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது: "கீழ்த்தாடை நீளவில்லை. மேல்தாடைதான் பின்தங்கிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்."

நெற்றியிலும் மோவாயிலும் பதியும் ஒரு முகச்சட்டம் உண்டு. அதிலிருந்து ரப்பர் வளையங்கள் வாய்க்குள் இருக்கும் கருவியோடு சேர்ந்து, மேல்தாடையை முன்னால் இழுக்கும். தினம் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் போட வேண்டும். பல மாதங்கள் ஆகும். பத்து வயதுக்குள் எலும்பின் பொருத்துகள் இளகி இருக்கும்போது அது நன்றாகப் பலிக்கும். "இப்போது சரியானாலும் வளர்ச்சி முடியும் வரையில் நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழ்த்தாடை பின்னால் ஓடிவந்து மறுபடியும் முந்திக்கொள்ளலாம்" என்றும் எச்சரித்தார். சத்தியம் செய்து தராத அந்த வைத்தியரை எனக்குப் பிடித்துவிட்டது.

"எனக்குங்க?" என்று மெல்லக் கேட்டான் வாலிபன், கையை எடுக்காமலே.

வளர்ந்தவர்களுக்குச் சட்டம் பயன்படாது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ கம்பி கட்டிப் பல்வரிசையைத் தயார் செய்து, பிறகு அறுவை சிகிச்சை; அதன் பின்பும் சில மாதங்கள் கம்பி. அவன் தலையை ஆட்டினான். "இனிமே எதுக்குங்க? பாப்பாவுக்குப் பாருங்க, போதும்" என்றான். இருபத்தொரு வருஷத்துக்கு முன் அவனுக்கு எட்டு வயது என்பதை அங்கிருந்தவர்களில் நான் ஒருவன்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சட்டம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து மறுநாள் காலை வரையில் சிறுமி அதை அணிந்தாள். முதல் வாரம் அழுகை. பிறகு ரப்பரை விரலால் மீட்டிப் பார்த்து, "என் மூஞ்சியிலே பாவு போட்டிருக்குது" என்று தெருவெல்லாம் காட்ட ஆரம்பித்துவிட்டாளாம். மாதந்தோறும் அவளைச் சேலத்துக்கு அழைத்துப் போனவன் மாமன்தான். எட்டாம் மாதம் மேல் பற்கள், சம்புடத்தின் மூடி போல, கீழ்ப் பற்களின் மேல் வந்து அமர்ந்தன.

சென்ற வாரம் நான் மறுபடி போயிருந்தேன். வாசலில் மாமனும் மருமகளும் நின்றார்கள். அவன் "வாங்க" என்றான். கை பாதி எழுந்தது.

"மாமா, நான் இத்தனை பெரிய சட்டத்தை மாட்டிக்கிட்டே கடைக்குப் போறேன். நீ எதுக்குக் கையை வெச்சுக்கறே?" என்றாள் சிறுமி.

அவன் கையை இறக்கினான். சிரித்தான். பற்களில் கம்பி மின்னியது. ஒரு மாதமாயிற்றாம், கட்டி.