நெளிதாள் பெட்டியும் அடியில் நசுங்கும் பாரமும்

பெட்டிக்கு எத்தனை பிளை என்று கேட்பதோடு நம் தேர்வு முடிந்துவிடுகிறது. வரலாறு வேறு சொல்கிறது. 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற நெளிதாள், தொப்பியின் உள்வரி மட்டுமே. 1871இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைப் புட்டிகளைச் சுற்றப் பயன்படுத்தினார்; 1874இல் ஆலிவர் லாங் தட்டைத்தாளை ஒட்டிய பின்னரே அதற்கு விறைப்பு வந்தது. அமெரிக்க இரயில்வேயில் மரப்பெட்டிக்கு இணையான கட்டணம் 1914ஆம் ஆண்டுப் பிரிதாம் தீர்ப்பால் கிடைத்தது.

நெடுங்காலம் அளக்கப்பட்டது வெடிப்பு வலிமை. ஆனால் அடுக்கின் அடிப்பெட்டி வெடிப்பதில்லை, நசுங்குகிறது! 1963இன் மெக்கீ சூத்திரம் விளிம்பு நசுக்குவலிமை, தடிமன், சுற்றளவு மூன்றையும் கணக்கில் கொண்டது. இரு பருவமழைகள் நனைக்கும் கள்ளிக்காடு, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலிருந்து சரக்கு அனுப்புவோர் ஈரத்தையும் சேர்க்க வேண்டும். ஈரமுறிஞ்சிய தாள் தாங்குதிறனைப் பெரிதும் இழக்கும். நெளிவுகள் செங்குத்தாக நிற்கின்றனவா என்பதையும் பார்த்து வாங்குக.