கணினிக் கடிகாரங்கள் ஒத்துப்போன வரலாறு

கணினியின் கடிகாரம் ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை எண்ணி ஓடுகிறது. அறையின் வெப்பம் மாறினாலே அந்த அதிர்வு சற்றுப் பிசகும். கவனிக்காமல் விட்டால் நாளுக்கு ஒரு நொடி, இரண்டு நொடி என்று விலகிக்கொண்டே போகும். தனித்து நிற்கும் கணினிக்கு அது பெரிய குறையில்லை. கணினிகளை இணைத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது: அனுப்புவதற்கு முன்பே வந்து சேர்ந்ததாக மின்னஞ்சல் பதிவாகும்.

முதலில் வந்த ஏற்பாடுகள் எளியவை. 1983-இல் வகுத்த டைம் புரோட்டோகால், 1900 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை ஒரே எண்ணாகச் சொல்லும். ரிடேட் என்ற சிறு நிரல் அதை வாங்கிக் கடிகாரத்தைத் திருத்தும். பதில் வந்து சேர எடுத்த நேரம் கணக்கில் வராது. பெர்க்லி யுனிக்ஸின் டைம்டி, ஒரே நெட்வொர்க்கிலுள்ள கணினிகளின் நேரத்தைச் சராசரி பார்த்தது. சராசரியே பிசகினால் எல்லாக் கணினிகளும் சேர்ந்து பிசகும்.

வழியில் கழியும் நேரத்தையும் அளக்கும் முறையை நிலைநிறுத்தியவர் அமெரிக்காவின் டேவிட் மில்ஸ். காம்சாட் நிறுவனத்திலும் பிறகு டெலவேர் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர். ஃபஸ்பால் என்ற தம் மென்பொருள் ஓடிய சிறு கணினிகளில் சோதித்துப் பார்த்த அவர், 1985-இல் என்டிபி (நெட்வொர்க் டைம் புரோட்டோகால்) நெறிமுறையை வெளியிட்டார். அதன் உயிர்நாடி நான்கு நேரக் குறிப்புகள். கேட்கும் கணினி தன் கடிகாரப்படி 0 மில்லிநொடியில் கேள்வியை அனுப்புகிறது. சர்வர் அதைத் தன் கடிகாரப்படி 120-இல் பெற்று, 130-இல் பதில் தருகிறது. பதில் வரும்போது கேட்ட கணினியில் மணி 90. மொத்தம் கழிந்த 90-இல் சர்வர் வைத்திருந்த 10 போக, பயணத்துக்கு 80, ஒருவழிக்கு 40. கேள்வி போய்ச் சேர்ந்தபோது கேட்ட கணினியில் 40, சர்வரில் 120. ஆக, கேட்ட கணினி 80 மில்லிநொடி பின்தங்கியிருக்கிறது. போகவும் வரவும் ஒரே நேரம் பிடிக்கும் என்று கொள்வதே இக்கணக்கின் பலவீனம்.

ஆனால் மில்ஸின் பெரிய சாதனை இந்தக் கணக்கு அன்று, அதன் பிறகு அவர் காட்டிய நிதானம்தான். பல சர்வர்களைக் கேட்டு, மற்றவற்றோடு ஒவ்வாததை ஒதுக்கும் முறையைச் சேர்த்தார். சிறு பிழையானால், என்டிபியைச் செயல்படுத்தும் என்டிபிடி நிரல் கடிகாரத்தைத் தாவவிடாது. ஓட்டத்தை மெல்லக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யும்.

1990-களில், எப்போதாவது மட்டும் இணைப்புக் கிடைக்கும் கணினிகளுக்கென ரிச்சர்ட் கர்னோ குரோனி என்ற என்டிபி நிரலை எழுதினார். ரெட் ஹாட் லினக்ஸில் இன்று அதுவே என்டிபிடியின் இடத்தில் இருக்கிறது.

2003-இல் நெட்கியர் நிறுவனத்தின் வீட்டு ரௌட்டர்கள் நேரம் கேட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஒரே சர்வரை மொய்த்தன. அதன் முகவரி அவற்றுக்குள்ளேயே பதிந்திருந்தது. பதில் வராவிட்டால் நொடிக்கொரு முறை கேட்டன. இத்தகைய சுமையைத் தன்னார்வலர்களின் சர்வர்களுக்குப் பங்கிடும் என்டிபி பூல் அதே ஆண்டு ஜனவரியில் தொடங்கியிருந்தது.

2010-இல் என்டிபியின் நான்காம் பதிப்பு வந்தது. மில்ஸ் 2024 ஜனவரியில் காலமானார். என்டிபி நொடிகளை எண்ணும் 32 பிட் எண் 2036 பிப்ரவரி 7 அன்று நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும்; அதைத் தாங்காத பழைய கருவிகளை அதற்குள் புதுப்பித்தாக வேண்டும்.