பழைய நிரலும் புதிய பொறியும்

புதுவீடு கட்டுவோர் பழைய வீட்டின் கதவையும் நிலையையும் பெயர்த்தெடுத்துப் பொருத்திக்கொள்வது நம்மிடையே உள்ள வழக்கம். கணிப்பொறி உலகில் ஒரு காலத்தில் இது எளிதில் கைகூடவில்லை.

1960-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் வாணிகக் கணக்குக்கு ஒருவகைப் பொறியும், விஞ்ஞானக் கணக்குக்கு வேறுவகைப் பொறியும் விற்றுவந்தது. ஒன்றின் கட்டளைகளை மற்றொன்று அறியாது. அலுவல் பெருகி வேறுவகைப் பொறியை வாங்கியவர்கள், ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த நிரல்களை மீண்டும் எழுத நேர்ந்தது. பொறியின் விலையைவிட இவ்வுழைப்பின் இழப்பே கொடிது என்பேன்.

இந்நிலையை மாற்ற வந்தது ‘சிஸ்டம் 360’. 1964 ஏப்ரல் 7 அன்று, சிறிதும் பெரிதுமாக ஆறு பொறிகள் அறிவிக்கப்பட்டன. ஆறுக்கும் கட்டளைத் தொகுதி ஒன்றே. சிறியதற்கென எழுதிய நிரல் பெரியதிலும் ஓடும். ஜீன் ஆம்டால், பிரெட் புரூக்ஸ், கெரிட் பிளாவ் ஆகியோர் இதன் அமைப்பை வகுத்தவர்கள்.

அப்படியானால் முன்பே விற்ற பொறிகளின் நிரல்கள் என்னாவது? 1959-இல் வெளிவந்த 1401 என்னும் பொறி ஆயிரக்கணக்கான அலுவலகங்களில் இருந்தது. அது பதின்ம முறையில் கணக்கிடுவது; அதன் அமைப்பே வேறு. 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம், 1401-இன் நிரல்களை மாற்றித் தரும் வசதியுடன் தன் 200 என்னும் பொறியை அறிவித்தது. போட்டி கடுமையானது. ஐ.பி.எம். பொறியாளர்கள், புதிய வரிசையில் மிகச் சிறியதான 30-ஆம் மாதிரி 1401-ஐப் போலவே நடிக்குமாறு, அதன் உள்ளே நிலையான நுண்கட்டளைகளைப் பதித்தனர். நடித்த பொறி, அசலைவிட விரைவாக ஓடியது!

நேயர்களே, இதனினும் என்னை வியக்கவைப்பது பின்னர் நடந்தது. சிஸ்டம் 360-இல் நினைவக முகவரிக்கு 24 பிட்டுகள், அதாவது 24 இரும இலக்கங்கள். முகவரியைத் தாங்கும் இடமோ 32 பிட் அகலமுடையது. மேலிருந்த 8 பிட்டுகளைப் பொறி பார்ப்பதில்லை. நினைவகம் பஞ்சமாயிருந்த காலம் அது. 30-ஆம் மாதிரி வெறும் 8,192 பைட்டுகளுடனும் விற்கப்பட்டது. வெற்றிடத்தை வீணாக்க மனமில்லாத நிரலாளர்கள் அதில் தம் குறிகளை இட்டுவைத்தனர். சிக்கனம்தான், குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

1980-களில் முகவரியை நீட்டவேண்டிய தேவை வந்தபோது அக்குறிகள் குறுக்கே நின்றன. 32 பிட்டுகளையும் எடுத்துக்கொள்ள இயலவில்லை. முகவரிப் பட்டியலில் ‘இதுவே கடைசி’ என்று காட்ட, முதல் பிட்டில் குறியிடும் வழக்கம் வேரூன்றியிருந்தது. ஆகவே 1983-இல் நடைமுறைக்கு வந்த பொறிகளில் 31 பிட் முகவரியே அமைந்தது. அதனுடன் பழைய 24 பிட் முறையும் காக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அவ்வரிசை 64 பிட்டுக்கு வளர்ந்தபோதும் அம்முறையைக் கைவிடவில்லை. அம்முறையில் ஒரு பழைய நிரல் ஓடும்போது, மேலிருக்கும் 8 பிட்டுகளில் எவர் என்ன குறி இட்டிருந்தாலும், புதிய பொறி அவற்றைப் பாராமலே முகவரியைப் படித்துக்கொள்கிறது.