கமினோ தே சந்தியாகோ: வழிகாட்டியில்லா நடைப்பயணம்

கமினோ தே சந்தியாகோ என்பது வடமேற்கு ஸ்பெயினின் கலீசியா மாநிலத்திலுள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரப் பேராலயத்தை நோக்கி ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் வந்து சேரும் யாத்திரைப் பாதைகளின் தொகுதி. இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களுள் ஒருவரான பெரிய யாக்கோபுவின் கல்லறை அங்கிருப்பதாகக் கத்தோலிக்கர் நம்புகின்றனர். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சந்தியாகப்பர் என்கின்றனர். இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்திலும் யாழ்ப்பாணத்துக் கிளாலியிலும் அவருக்கு ஆலயங்கள் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கிலுள்ள இந்தப் பாதையில் இன்று பக்தர்களோடு, விடுமுறையில் நெடுந்தூரம் நடக்க விரும்பும் பிறரும் செல்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் வழிகாட்டி இல்லாமல் தாமாகவே நடக்கின்றனர். பாதைக் குறிகள், யாத்திரிகர் அட்டை, சத்திரங்கள், பை கொண்டுசெல்லும் சேவை ஆகிய நான்கும் அதற்கு வகைசெய்கின்றன.

வரலாறு

யாக்கோபு கி.பி. 44ஆம் ஆண்டளவில் எருசலேமில் ஏரோது அகிரிப்பாவால் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய சீடர்கள் உடலைப் படகில் ஏற்றிக் கலீசியாவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தனர் என்பது மரபுக்கதை. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாயோ என்னும் துறவி காட்டிய இடத்தில் ஒரு கல்லறை இருப்பதைக் கண்ட ஆயர் தெயோதொமிரோ, அதை யாக்கோபுவின் கல்லறை என அறிவித்தார். அஸ்தூரியாஸ் மன்னர் இரண்டாம் அல்போன்சோ ஒவியேதோவிலிருந்து வந்து அதை வழிபட்டார். முதல் யாத்திரிகர் அவரே என மரபு கூறும். அங்கே உள்ள எலும்புகள் உண்மையில் யாக்கோபுவுடையனவா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்தில்லை.

இன்றுள்ள பேராலயத்தின் கட்டுமானம் 1075இல் தொடங்கியது. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் மன்னர்கள் வழிநெடுகப் பாலங்கள் கட்டினர். துறவு மடங்கள் யாத்திரிகர்களுக்கு விடுதிகளும் மருத்துவ மனைகளும் நடத்தின. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொகுக்கப்பட்ட ‘கோடெக்ஸ் கலிக்ஸ்தினுஸ்’ என்னும் கையெழுத்துச் சுவடியின் ஐந்தாம் பகுதி ஒரு பயண வழிகாட்டி. அது ஸ்பெயினுக்குள் உள்ள வழியைப் பதின்மூன்று கட்டங்களாகப் பிரித்து, எந்த ஆற்று நீரைக் குடிக்கலாம், எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்றெல்லாம் சொல்கிறது. 2011இல் பேராலயத்திலிருந்து திருடுபோன இச்சுவடி மறு ஆண்டே மீட்கப்பட்டது.

கொள்ளைநோய்களும், 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தமும் போர்களும் யாத்திரையை நலிவடையச் செய்தன. 1589இல் ஆங்கிலேயக் கடற்படைத் தாக்குதலுக்கு அஞ்சி மறைத்துவைக்கப்பட்ட எலும்புகள் 1879இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. பாதைக்குப் புத்துயிர் கிடைத்தது 20ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஓ செப்ரெய்ரோ ஊரின் பங்குத்தந்தை எலியாஸ் வலீன்யா 1980களில் மரங்களிலும் கற்களிலும் சுவர்களிலும் மஞ்சள் அம்புக்குறிகளைத் தீட்டினார். 1987இல் ஐரோப்பிய மன்றம் இதைத் தன் முதல் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது; 1993இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் பிரெஞ்சுப் பாதை இடம்பெற்றது. யாத்திரையை முடித்தவர்களுக்கான சான்றிதழை 1986இல் பெற்றோர் 2,500 பேர்கூட இல்லை. 2019இல் ஏறத்தாழ 3,47,000 பேர் பெற்றனர்.

முக்கியப் பாதைகள்

பிரெஞ்சுப் பாதையே மிகப் புகழ்பெற்றது. பிரான்சின் சென்-ழான்-பியே-தெ-போர் ஊரிலிருந்து பிரனீஸ் மலையைக் கடந்து ஏறத்தாழ 780 கி.மீ. செல்லும் இப்பாதையை நடந்து முடிக்கப் பொதுவாக ஐந்து வாரம் பிடிக்கும். போர்ச்சுகல் பாதை போர்த்தோ நகரிலிருந்து ஏறக்குறைய 240 கி.மீ. வடக்குப் பாதை கடலோரமாக இருனிலிருந்து வருகிறது. மன்னர் அல்போன்சோ நடந்ததாகக் கூறப்படும் ‘ஆதிப் பாதை’ ஒவியேதோவிலிருந்து ஏறத்தாழ 320 கி.மீ. மலைவழி, ஏற்றம் மிகுந்தது. கடல்வழி வந்த பிரித்தானிய, அயர்லாந்து யாத்திரிகர்களின் ‘ஆங்கிலப் பாதை’ ஃபெர்ரோல் துறைமுகத்தில் தொடங்குகிறது.

முழுப் பாதைக்கு நேரமில்லாதவர்கள் பிரெஞ்சுப் பாதையின் இறுதிப் பகுதியை மட்டும் தேர்கின்றனர். சான்றிதழ் பெற நடப்பவர் குறைந்தது 100 கி.மீ., மிதிவண்டியில் செல்பவர் 200 கி.மீ. கடந்திருக்க வேண்டும். சந்தியாகோவுக்கு 115 கி.மீ. முன்னுள்ள சாரியா, ரயில் நிலையம் கொண்ட ஊர். அங்கிருந்து ஐந்தாறு நாளில் நடந்து சேரலாம் என்பதால் வேறெந்த ஊரையும்விட அங்கிருந்தே மிகுதியானோர் தொடங்குகின்றனர்.

பாதைக் குறிகளும் யாத்திரிகர் அட்டையும்

வழி தேடும் வேலையை மஞ்சள் அம்புக்குறியும் கிளிஞ்சல் சின்னமும் பெரிதும் குறைத்துவிடுகின்றன. கிளிஞ்சல் இடைக்காலம் முதலே இந்த யாத்திரையின் அடையாளம். யாத்திரிகர்கள் அதை முதுகுப்பையில் கட்டிக்கொள்கின்றனர். கலீசியாவில் சந்தியாகோவுக்கு இன்னும் எத்தனை கி.மீ. என்று காட்டும் கல் தூண்களும் உண்டு. நகரங்களுக்குள் குறிகள் நடைபாதையில் பதித்த உலோகச் சிப்பிகளாக மாறுவதால், அங்கேதான் கூடுதல் கவனம் தேவை.

‘கிரெதென்சியால்’ எனப்படும் யாத்திரிகர் அட்டையைப் புறப்படும் ஊரின் ஆலயத்திலோ யாத்திரிகர் அலுவலகத்திலோ சங்கங்களிலோ பெறலாம். சத்திரம், ஆலயம், உணவகம் என வழியில் தங்கும், உண்ணும் இடங்களில் அதில் முத்திரை பதிப்பார்கள். யாத்திரிகர் சத்திரங்களில் இடம் பெறவும் இறுதியில் சான்றிதழ் பெறவும் இந்த அட்டையே ஆதாரம். சாரியா போன்ற அண்மை ஊர்களிலிருந்து நடப்போர் நாளொன்றுக்கு இரு முத்திரையாவது பெற வேண்டும்.

பிரெஞ்சுப் பாதையின் போக்கு

முதல் நாளே கடினமானது. சென்-ழானிலிருந்து ரொன்செஸ்வாயெஸ் மடம் ஏறக்குறைய 25 கி.மீ.; ஏற்றமோ 1,200 மீட்டருக்கும் மேல். பனிக்காலத்தில், நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் இறுதிவரை, உயர்ந்த மலைவழி மூடப்பட்டு வால்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழியே செல்ல நேரும். பம்ப்ளோனாவைக் கடந்தபின், 11ஆம் நூற்றாண்டுக் கல் பாலத்தால் பெயர்பெற்ற புவெந்தே லா ரெய்னா வருகிறது. எஸ்தெயாவை அடுத்த இராச்சே மடத்தருகே ஒரு திராட்சை மது நிறுவனம் 1991இல் அமைத்த குழாயில் யாத்திரிகர்கள் இலவசமாக மது பிடித்துக்கொள்ளலாம். தொடர்ந்து ரியோஹாவின் திராட்சைத் தோட்டங்கள். சாந்தோ தொமிங்கோ தே லா கல்சாதா பேராலயத்துக்குள் உயிருள்ள சேவலும் கோழியும் வளர்க்கப்படுகின்றன; பொய்ப்பழியால் தூக்கிலிடப்பட்ட இளைஞன் உயிர்பிழைத்ததாகவும், அதற்குச் சான்றாகச் சமைத்த கோழி உயிர்பெற்று எழுந்ததாகவும் சொல்லும் தலபுராணத்தின் நினைவு அது.

புர்கோஸ் நகரின் கோதிக் பேராலயம் 1221இல் தொடங்கப்பட்டது. அதற்கப்பால் லியோன்வரை மெசேத்தா எனும் பீடபூமி. கோதுமை வயல்களிடையே நிழலற்ற நேர்வழி; கர்ரியோன் ஊரைத் தாண்டியதும் 17 கி.மீ. தூரத்துக்கு ஊரே இல்லை. கோடையில் இங்கு விடியுமுன் புறப்படுவதும் தண்ணீரைக் கூடுதலாக எடுத்துச்செல்வதும் வழக்கம். சிலர் இப்பகுதியைப் பேருந்தில் தாண்டிவிடுகின்றனர்.

வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பெயர்போன பேராலயம் லியோனில் உள்ளது. அஸ்தோர்காவில் கட்டடக் கலைஞர் கௌதி வடிவமைத்த ஆயர் மாளிகை உள்ளது. பின்னர் பாதை 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. அங்குள்ள இரும்புச் சிலுவையின் அடியில் யாத்திரிகர்கள் தம் ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லை வைப்பர். பொன்ஃபெர்ராதாவின் டெம்ப்ளர் கோட்டை, வியாஃப்ராங்கா ஆகியவற்றைத் தாண்டி, வைக்கோல் கூரைக் கல் வீடுகள் கொண்ட ஓ செப்ரெய்ரோ மலையூர் வழியாகப் பாதை கலீசியாவுக்குள் நுழைகிறது. சாரியாவை அடுத்த போர்த்தோமரீனின் பழைய ஊர் 1960களில் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. அதன் ஆலயம் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மேட்டில் மீண்டும் கட்டப்பட்டது. ஆக்டோபஸ் உணவுக்குப் பேர்போன மெலீதே, பாலாடைக்கட்டி ஊரான அர்சூவா, விமான நிலையத்தை ஒட்டிய லாவகோயா ஆகியவற்றுக்குப்பின் சந்தியாகோ.

தங்குமிடமும் உணவும்

‘அல்பெர்கே’ எனப்படும் யாத்திரிகர் சத்திரங்கள் மூவகை. அரசோ உள்ளாட்சியோ நடத்தும் சத்திரங்களில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது. முந்தி வருபவருக்கே கட்டில், உடல்நலம் குன்றினாலன்றி ஒரே ஓர் இரவுதான். பங்கு ஆலயங்களும் சங்கங்களும் நடத்துபவற்றில் விரும்பிய காணிக்கை தந்தால் போதும். சில இடங்களில் இரவுணவைக் கூடிச் சமைத்து உண்பர். தனியார் சத்திரங்களில் முன்பதிவு செய்யலாம். எங்கும் அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை. இரவு பத்து மணிக்கு விளக்கணைத்து, காலை எட்டு மணிக்குள் வெளியேற வேண்டும். தனியறை வேண்டுவோருக்குச் சிறு விடுதிகளும் கிராம வீடுகளும் உண்டு. சந்தியாகோவில் ‘கத்தோலிக்க அரசர்கள்’ எனப்படும் ஸ்பானிய அரச தம்பதியர் யாத்திரிகர்களுக்காகக் கட்டிய மருத்துவ விடுதி இன்று ஆடம்பர ஓட்டல்.

பல உணவகங்கள் மூன்று வகை உணவோடு ரொட்டியும் மதுவும் சேர்ந்த ‘யாத்திரிகர் சாப்பாட்டை’ ஒரே விலைக்குத் தருகின்றன. ஸ்பானிய வழக்கப்படி இரவுணவு தாமதமானாலும் யாத்திரிகர்களுக்காக மாலை ஏழு மணியளவிலேயே பரிமாறுவதுண்டு. இறைச்சியும் மீனும் மிகுந்த நாட்டில் சைவ உணவாளர்கள் உருளைக்கிழங்கு ஆம்லெட், சாலட், பருப்பு வகை ஆகியவற்றை நம்பலாம். முட்டையும் உண்ணாதோர் சமையலறை உள்ள சத்திரங்களைத் தேர்வது நல்லது.

ஏற்பாடுகள்

தாமே நடக்கும் பயணத்தை இருவிதமாக அமைக்கலாம். ஒன்று, எந்த முன்பதிவும் இன்றி அன்றன்று கால் தாங்கும் தூரம் நடந்து தங்குவது. மற்றொன்று, பயண நிறுவனம் ஒவ்வொரு கட்டத்துக்கும் அறை பதிவு செய்து, வரைபடமும் அவசரத் தொடர்பு எண்ணும் தந்துவிட, பயணி மட்டும் தனியே நடப்பது. இரண்டாம் முறையில் வசதி கூடும். ஆனால் ஓய்வுக்கு ஒரு நாள் கூட்டவோ தூரத்தைக் குறைக்கவோ இயலாது. பெரிய பையைக் காலையில் விடுதியில் விட்டால் மாலைக்குள் அடுத்த விடுதிக்குச் சேர்க்கும் சேவையை ஸ்பெயின் அஞ்சல் துறையும் தனியாரும் ஒரு கட்டத்துக்குச் சில யூரோ கட்டணத்தில் நடத்துகின்றனர். அரசுச் சத்திரங்கள் பொதுவாக இத்தகைய பைகளை ஏற்பதில்லை.

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நடக்க ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். குளிர்காலத்தில் பல சத்திரங்கள் மூடியிருக்கும். கலீசியாவில் எந்தப் பருவத்திலும் மழை வரலாம். நாளொன்றுக்கு 20 முதல் 25 கி.மீ. நடப்பது வழக்கம். யாத்திரை தடைபடப் பெரும்பாலும் காரணமாவன பாதக் கொப்புளமும் முழங்கால் வலியும். எனவே பழகிய காலணி அணிவதும், சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும், முதல் வாரத்தில் தூரத்தைக் குறைத்து நடப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையோருக்கு ஷெங்கன் விசா தேவை. அவசர உதவி எண் 112.

சந்தியாகோவை அடைந்தபின்

யாத்திரிகர் அலுவலகத்தில் முத்திரைகளைக் காட்டி ‘கொம்போஸ்தெலா’ எனும் இலத்தீன் சான்றிதழை இலவசமாகப் பெறலாம். சமய, ஆன்மிக நோக்கமின்றி நடந்தோருக்கு வேறொரு சான்றிதழ் தரப்படும். பேராலயத்தில் நண்பகலில் யாத்திரிகர் திருப்பலி நடைபெறும். முதுகுப்பையுடன் உள்ளே செல்ல அனுமதி இல்லை. 53 கிலோ எடையுள்ள ‘போத்தாஃபுமெய்ரோ’ தூபக்கலசத்தை எட்டுப் பேர் கயிறிழுத்து ஆட்டும் சடங்கு குறிப்பிட்ட திருநாள்களில் நடைபெறும்; அன்றாடம் இல்லை. யாக்கோபுவின் திருநாளான ஜூலை 25 ஞாயிறாக வரும் ஆண்டுகள் புனித ஆண்டுகள். 2021க்குப்பின் அடுத்தது 2027. அவ்வாண்டுகளில் பொதுவாகக் கூட்டம் அதிகரிக்கும். சிலர் மேலும் 90 கி.மீ. நடந்து அட்லாண்டிக் கரையிலுள்ள ஃபினிஸ்தெர்ரே முனைவரை செல்கின்றனர்.

கூட்டம் பெருகியதால் சாரியாவுக்குப் பிந்தைய பகுதியில் கோடையில் கட்டில் கிடைப்பது அரிதாகிறது. சந்தியாகோவின் பழைய நகரில் வாடகை உயர்வும் நெரிசலும் குடியிருப்போரின் குறைகளாக உள்ளன. கூட்டத்தைத் தவிர்க்க விரும்புவோர் ஆதிப் பாதை, செவியா நகரிலிருந்து வரும் ‘வெள்ளிப் பாதை’ போன்ற ஆளரவம் குறைந்த வழிகளை நாடுகின்றனர். அங்கே சத்திரங்கள் குறைவு. ஊர்களுக்கிடையே தூரமும் அதிகம் என்பதால் ஒவ்வொரு நாளின் நடையையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.