பென்ஷன் வந்த வழி



ஓய்வு பெற ஓரிரண்டு ஆண்டுகளே பாக்கி உள்ள உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "ரிட்டயர் ஆன பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும்?" என்பதுதான். நன்றாகவே இருக்கும் என்று சொல்வேன். குடியிருக்கச் சொந்த வீடு, காலையில் மனைவி கையால் ஒரு டம்ளர் காப்பி, தினமும் நடக்கத் தெம்புள்ள கால்கள், மாதம் தவறாமல் வங்கியில் விழும் பென்ஷன். இதற்கு மேல் என்ன வேண்டும்? "எல்லாம் கொடுப்பினை" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நான் பணியில் பாதிக் காலத்தைப் பென்ஷன் பிரிவில் கழித்த குமாஸ்தா. இந்தக் கொடுப்பினைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு, ஒரு உத்தரவு உண்டு, பின்னால் யாரோ ஒருவரின் முயற்சி உண்டு. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் ஓய்வு பெறும் வயதை எட்டுவதே ஒரு பெரிய கொடுப்பினை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-ல் தொழிலாளர்களுக்கு முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தார். அதைப் பெற 70 வயது ஆக வேண்டும். அந்நாளில் எத்தனை தொழிலாளி 70-ஐப் பார்த்திருப்பான்? 1916-ல்தான் அதை 65 ஆகக் குறைத்தார்கள். நம் நாட்டில் சுதந்திரம் வந்த காலத்தில் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவில்தான் இருந்தது. மத்திய அரசில் ஓய்வு வயது 55 ஆக இருந்து, 1962-ல் 58 ஆகி, 1998-ல் 60 ஆனது. தமிழ்நாட்டு அரசில் 58 ஆக இருந்தது 2020-ல் 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. நம் அப்பாக்களின் தலைமுறையில் பலர் ஓய்வு என்ற சொல்லையே அனுபவிக்காமல் போய்ச் சேர்ந்தார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியில். பள்ளிப் படிப்பு பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் பணி ஓய்வை 'ரெத்ரேத்' என்பார்கள். போர்க்களத்தில் படை பின்வாங்குவதற்கும் அதே சொல்தான். சிறுவயதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பிய 'சொல்தா'க்கள் சிலர் இருந்தார்கள். ஜூலை 14 அன்று மெடல்களைச் சட்டையில் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போவார்கள். புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. ஆட்சி மாறியும் அவர்களுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வருவது நிற்கவில்லை. அப்படிப் பணம் பெறும் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு.

பிரான்சில் இது பழைய பழக்கம். பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1673-லேயே கப்பற்படையினருக்காக ஓர் ஓய்வூதிய ஏற்பாட்டைத் தொடங்கினார். பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றியது அதற்கு அடுத்த ஆண்டு. பிறகு 1853-ல் வந்த சட்டம், பொதுவாக 60 வயதும் 30 ஆண்டுப் பணியும் முடித்த அரசு ஊழியருக்கு ஓய்வூதியம் என்று வகுத்தது.

ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் 1871-ல் பென்ஷன் சட்டம் வந்தது. அதில் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தார்கள். கொடுத்தது எது என்றால், கடன்காரர் யாரும் கோர்ட்டுக்குப் போய் ஒருவருடைய பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது. அந்தப் பாதுகாப்பு இன்றுவரை நம்மைக் காக்கிறது. எடுத்தது எது என்றால், பென்ஷன் கேட்டு ஊழியர் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. அதாவது அது சர்க்கார் மனமுவந்து தரும் சன்மானம். தந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், தராவிட்டால் கேட்க வழியில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த மனப்பான்மை உடனே போய்விடவில்லை. 1971-ல் தேவகிநந்தன் பிரசாத் என்பவர் பீகார் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில்தான், பென்ஷன் என்பது அரசின் தயவைப் பொறுத்த பிச்சை அல்ல, ஊழியரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

அடுத்து வந்ததுதான் நம் எல்லோருக்கும் தெரிய வேண்டிய வழக்கு. 1979-ல் மத்திய அரசு பென்ஷன் கணக்கைத் தாராளமாக்கியது. அதுவரை கடைசி 36 மாதச் சம்பளத்தின் சராசரியைக் கொண்டு கணக்கிட்டார்கள். புதிய முறையில் கடைசி 10 மாதச் சராசரி போதும். சம்பளம் வருடா வருடம் ஏறுவதால், பத்து மாதச் சராசரி என்றால் தொகை கூடும். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். 1979 மார்ச் 31 அன்று பணியில் இருந்து, அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவருக்கு மட்டும்தான் இது. ஒரே நாற்காலியில் ஒரே வேலை பார்த்த இருவரில், ஒருவர் ஒரு மாதம் முன்னால் ஓய்வு பெற்றிருந்தால் அவருக்குப் பழைய கணக்கு, பின்னால் வந்தவருக்குப் புதுக் கணக்கு.

டி.எஸ். நகாரா என்பவர் பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972-ல் ஓய்வு பெற்றவர். அவரும், ராணுவத்தில் ஓய்வு பெற்ற ஒருவரும், எச்.டி. ஷோரி நடத்திய 'காமன் காஸ்' என்ற அமைப்பும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். 1982 டிசம்பர் 17 அன்று நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதிய தீர்ப்பு வந்தது. பென்ஷன் என்பது உழைத்து முடித்த உழைப்புக்கான ஊதியம். ஒரு தேதியைக் கிழித்துப் பென்ஷன்தாரர்களை இரு சாதியாகப் பிரிக்கக்கூடாது. பழையவர்களுக்கும் 1979 ஏப்ரல் 1 முதல் புதுக் கணக்குப்படி கொடுக்க வேண்டும். இதுதான் சாரம். டிசம்பர் 17-ஐ நாடெங்கும் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுவது இதனால்தான்.

அப்போது எனக்கு முப்பதை ஒட்டிய வயது. சேலத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. தீர்ப்பை ஒட்டி உத்தரவு வந்ததும் பழைய சர்வீஸ் புக்குகளைத் தூசி தட்டி எடுத்தோம். கடைசிப் பத்து மாதச் சம்பளத்தைத் தேடிப் பிடித்துக் கூட்டி வகுத்து எழுதினோம். கணினி ஏது? எல்லாம் கைக்கணக்கு. பியூனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், கூடுதல் தொகை எவ்வளவு என்று தெரிந்துகொண்டதும், "இது யாரு கொடுத்தது தம்பி?" என்று கேட்டார். "நீங்க சம்பாதிச்சதுதான் அய்யா, இப்பதான் கைக்கு வருது" என்றேன். அவர் நம்பவில்லை. அலுவலகத்தில் எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். நூறு வருடத்துப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

அடுத்த கொடுப்பினை, நமக்குப் பின் மனைவிக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம். ஊழியர் இறந்தபின் துணைவிக்கு ஆயுள் முழுவதும் பணம் என்ற ஏற்பாடு மத்திய அரசில் 1964 ஜனவரி 1-ல்தான் வந்தது. அதற்கும் ஊழியர் தன் கிராஜுவிட்டியில் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையை விட்டுக்கொடுக்க வேண்டும். 1977 செப்டம்பர் 22 முதல் அந்தப் பிடித்தம் ரத்தானது. ஆனால் 1964-க்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களின் விதவைகள் வெளியிலேயே நின்றார்கள். பூனமால் என்ற பெண்மணி உள்ளிட்ட சிலர் தொடுத்த வழக்கில், 1985 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் 1977 செப்டம்பர் 22 முதல் கொடுக்கச் சொன்னது. எத்தனையோ வீடுகளில் வயதான அம்மாக்கள் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்காமல் தன் மாத்திரையைத் தானே வாங்கிக்கொள்கிறார்கள் என்றால், அதற்கு வழி திறந்தவர்களில் இந்தப் பெண்களும் உண்டு.

இன்னொன்று கம்யூட்டேஷன். பென்ஷனில் ஒரு பகுதியை விற்று மொத்தமாகப் பணம் வாங்குகிறோம். மகள் கல்யாணமோ, வீட்டு வேலையோ அதில் நடக்கும். முன்பெல்லாம் விற்றது விற்றதுதான், ஆயுளுக்கும் குறைந்த பென்ஷன். அதே 'காமன் காஸ்' அமைப்பு போட்ட வழக்கில் 1986-ல் வந்த தீர்ப்பால், பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பகுதி திரும்பக் கிடைக்கிறது. எனக்கும் அந்தப் பதினைந்தாம் ஆண்டு வந்துவிட்டது. வீட்டுக்கடனும் அப்படித்தான். 1956-ல் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வீடு கட்ட முன்பணம் கொடுக்கத் தொடங்கியது. என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் தலைக்கு மேல் கூரை பார்த்தது அதனால்தான்.

இத்தனையும் சொல்லிவிட்டு, நான் இப்போது குடியிருக்கும் கிளியூரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏற்காடு ஏரி நிறைந்து வழியும் தண்ணீர்தான் இங்கே அருவியாக விழுகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-ல் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். அன்று முதல் இருநூறு ஆண்டுகளாக இங்கே காப்பி பறிக்கும் கைகளுக்கு ஓய்வு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல் வந்தது. கிராஜுவிட்டிச் சட்டம் 1972-ல் வந்தது. ஓர் ஆண்டு உழைப்புக்குப் பதினைந்து நாள் கூலி என்று கணக்கு. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டம் 1995-ல். அதில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். இன்றைக்கு அதை வைத்து என்ன செய்வது?

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். எஸ்டேட்டில் நாற்பது வருடம் பழம் பறித்தவர். அவருக்கு மாதம் வருவது அந்த ஆயிரத்துச் சொச்சம்தான். என் மேஜை வேலையைவிட அவர் வேலை லேசானதா? டிசம்பர், ஜனவரிக் குளிரில் விடியலிலேயே இடுப்பில் பை கட்டிக்கொண்டு சரிவில் ஏறிய உடம்பு அது.

எதுவுமே இல்லாதவர்களுக்கு முதியோர் உதவித்தொகை. நம் மாநிலத்தில் இது 1962-ல், மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. அப்போது இது முன்னோடித் திட்டம். மத்திய அரசு நாடு முழுவதற்கும் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது 1995-ல்தான், அதுவும் 75 ரூபாய். தமிழ்நாட்டில் 2011-ல் 1000 ஆகி, 2023-ல் 1200 ஆனது.

இளையவர்கள் பக்கமும் ஒரு கோடு விழுந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களும் பழைய பென்ஷனுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் திட்டம்தான் அவர்களுக்கு. 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு உறுதியான தொகை தரும் இன்னொரு திட்டத்தையும் வைத்திருக்கிறது. என் மருமகன் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர். "மாமா, உங்க காலம் நல்ல காலம்" என்பார். நல்ல காலம்தான், ஆனால் அது தானாக வந்துவிடவில்லை என்று சொல்வேன். நகாரா வழக்குப் போட்டபோது அவர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. தனக்கு வருவது போதும் என்று அவர் இருந்திருந்தால், பென்ஷனர் தினம் என்று ஒன்று காலண்டரில் இருக்காது.

கடவுள் கொடுத்ததை எண்ணி நன்றி சொல்வது நல்ல பழக்கம். நானும் செய்கிறேன். அப்படி எண்ணும்போது மனிதர்கள் கொடுத்ததையும் எண்ண வேண்டும், அது எட்டாமல் போனவர்களையும் எண்ண வேண்டும் என்பது என் எண்ணம்.

கடைசியாக, பழைய குமாஸ்தாவின் வழக்கப்படி சில வேலைகள் சொல்கிறேன். ஓய்வு பெறப் போகிறவர்கள் சர்வீஸ் புக்கை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். ஓய்வு பெற்றவர்கள் பிபிஓ புத்தகத்தை எடுத்து, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய அரசு பென்ஷன் என்றால் நவம்பரில் உயிர்ச் சான்று, 80 கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். 80 முடிந்தால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும், அது சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். உங்கள் தெருவில் முதியோர் உதவித்தொகைக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்கத் தெரியாத ஒருவர் இருப்பார். இ-சேவை மையத்துக்கு அவரோடு ஒரு நடை போய்வாருங்கள். நமக்குத்தான் நேரம் இருக்கிறதே!