மார்க்குப் போடுகிற கை

தொழிற்கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் பாடத்திட்டம் பற்றிப் பேசுகிறார்கள். கட்டடம், கருவி, உதவித்தொகை, வேலைவாய்ப்பு என்று எல்லாவற்றையும் பேசுகிறார்கள். மார்க்கு பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் பட்டறை என்று கலந்து நடக்கிற பயிற்சியில் பட்டறைப் பாதிக்கு மார்க்குப் போடுகிறவர் யார்? எதை அளந்து போடுகிறார்? அந்த மார்க்கை எடுத்துக்கொண்டு நம்ம புள்ளைங்க எங்கே போகலாம்? இந்த மூன்று கேள்விகளோடு கடந்த எண்பது வருஷ வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மார்க்கு என்பது வெறும் கணக்கு இல்லை. அது ஒரு அதிகாரம்.

முதலில் ஊரைப் பார்ப்போம். ஊரில் தொழிலுக்கு மதிப்பீடே கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. தோல் பதப்படுத்துகிறவர், செருப்புத் தைக்கிறவர், பறைக்குத் தோல் கட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், முடி திருத்துகிறவர் என்று எல்லாருடைய வேலைக்கும் அன்றாடம் தீர்ப்புச் சொல்லப்பட்டது. சொன்னவர் நிலக்காரர். அறுவடைக் களத்தில் அவர் அளந்து போட்ட நெல்தான் மார்க்கு. 'இந்தத் தடவை சரியில்லடா' என்று அறுபது வயசுக்காரரைப் பார்த்து இருபது வயசுக்காரன் சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. அந்த மதிப்பீட்டுக்கு வாய் இருந்தது, கையெழுத்து இல்லை. எழுதப்படாததால் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குக்கூடப் போக முடியாது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் திரும்பத் திரும்ப அதே தொழிலில், அதே வாசலில் நிற்க வேண்டியதுதான். தேறினாலும் மேல் வகுப்பு கிடையாது என்பதுதான் சாதியின் தேர்வு முறை.

இந்தப் பூட்டை உடைக்கத் தொழிற்பட்டறை ஒரு சாவியாகலாம் என்பதைச் சரியாகக் கண்டவர் அண்ணல் அம்பேத்கர். 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றார். அந்த வருஷம் அக்டோபரிலேயே தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை விரிவாக எழுதி ஒரு கோரிக்கை மனு கொடுத்தார். அதில் உயர்கல்வி உதவித்தொகையோடு தொழில்நுட்பப் பயிற்சியையும் கேட்டார். அரசு அச்சகங்களும் ரயில்வே பட்டறைகளும் இருக்கின்றனவே, அங்கே நம் இளைஞர்களைப் பயிற்சியாளர்களாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அந்தக் கோரிக்கை. இதன் அர்த்தம் ஆழமானது. அச்சுக்கோக்கிறதும் ரயில் எஞ்சின் பழுது பார்க்கிறதும் யாருடைய குலத்தொழில்? யாருடையதும் இல்லை. மனு எழுதிய காலத்தில் மனுதர்மம் இயந்திரத்தைக் கண்டதில்லை. பிறப்போடு ஒட்டாத தொழில், அப்பன் சொல்லிக்கொடுக்காத தொழில், அரசாங்கம் எழுத்தில் தரும் சான்றிதழ் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் விடுதலை.

இதற்கு நேர் எதிரான பாதை 1953இல் சென்னை மாகாணத்தில் வந்தது. முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த 'திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்' கிராமப்புறப் பள்ளிகளில் ஜூன் மாதம் தொடங்கியது. ஐந்து மணி நேரமாக இருந்த பள்ளி மூன்று மணி நேரமானது. மிச்ச நேரம் பிள்ளைகள் வீட்டில் தகப்பன் செய்கிற தொழிலைக் கற்க வேண்டும். தகப்பனுக்குக் கைத்தொழில் இல்லையென்றால் வேறொரு கைவினைஞரிடம் போக வேண்டும். இரண்டு நேர முறை வைத்தால் அதே ஆசிரியர்களைக் கொண்டு கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று நியாயம் சொன்னார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் இதுவும் ஒரு கலப்புப் பயிற்சிதான். பாதி நிறுவனம், பாதி தொழிலிடம்.

பெரியார் இதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் வீதிக்கு வந்தன. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. பள்ளிப் பாதிக்குப் பாடம் இருந்தது, தேர்ச்சி இருந்தது. வீட்டுப் பாதிக்குப் பாடத்திட்டமும் இல்லை, தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. வீட்டில் பத்து வருஷம் கற்றாலும் கணக்கில் வராது. எந்தப் பாதிக்கு மார்க்கு உண்டோ அதுதான் கல்வி, மார்க்கு இல்லாதது உழைப்பு. அய்யர் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுப் பாதியும் புத்தகமாகவே இருந்திருக்கும். பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்குத் தகப்பன் எதைச் சொல்லிக்கொடுப்பான்? பண்ணையில் மாடு மேய்ப்பதையா? செத்த மாடு தூக்குவதையா? அதைக் கற்றுத் தேறினால் எந்த மேல்நிலைப் பள்ளியில் இடம் தருவார்கள்?

குலக்கல்வி ஒழிந்த அதே காலத்தில்தான் மத்திய அரசின் தொழிற்பயிற்சி நிலையங்கள் காலூன்றின. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. 1956இல் தேசியத் தொழிற்பயிற்சிக் குழு அமைந்தது. ஐ.டி.ஐ. என்று நம் வாயில் புழங்குகிற அந்த நிலையங்களில் ஃபிட்டர், டர்னர், வெல்டர், ஒயர்மேன், மெக்கானிக் என்று படித்து, அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி, தேசியத் தொழிற்சான்றிதழோடு சேரியிலிருந்து வெளியே போன முதல் தலைமுறையை நம் வீடுகளில் காணலாம். போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், ரயில்வே என்று அவர்கள் பரவினார்கள். பட்டதாரிகளின் கதையை எழுதுகிற அளவுக்கு இவர்களுடைய கதையை நம் பத்திரிகைகள் எழுதியதில்லை.

அந்தத் தேர்வின் செய்முறைப் பகுதியை யோசித்துப் பாருங்கள். ஒரு வரைபடமும் ஒரு இரும்புத் துண்டும் கையில் தருவார்கள். அறுத்து, அரத்தால் ராவி, துளைபோட்டு, சொன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இன்ன அளவுக்கு இத்தனை மார்க்கு, பொருத்தத்துக்கு இத்தனை, மேற்பரப்புக்கு இத்தனை என்று பிரித்துப் போட வேண்டும். மூலைமட்டத்தை வைத்தால் வெளிச்சம் தெரிகிறதா, வெர்னியரை வைத்தால் அளவு வருகிறதா, அவ்வளவுதான் கேள்வி. அந்த ஜாப்பை இன்னொருத்தர் திரும்ப அளந்தாலும் அதே அளவுதான் வரும். ஆயிரம் வருஷமாக வாயால் சொல்லப்பட்ட தீர்ப்பு முதல் தடவையாகக் கருவியால் சொல்லப்பட்டது.

ஆனால் அதே முறைக்குள் இன்னொரு மார்க்கு இருந்தது. வருஷம் முழுக்கப் பயிற்சியாளர் போடுகிற செஷனல் மார்க்கு. அதற்கு வெர்னியர் கிடையாது. யாரிடம் நல்ல மெஷினைக் கொடுப்பது, யாரைக் கூட்டிப் பெருக்கச் சொல்வது, யாருடைய ரெக்கார்டு நோட்டில் உடனே கையெழுத்துப் போடுவது, யாரை மூன்று நாள் அலையவிடுவது, இதெல்லாம் அந்த மார்க்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும். வெர்னியருக்குச் சாதி தெரியாது. செஷனலுக்குத் தெரியும்.

எழுத்துத் தேர்வும் சுத்தமானது என்று சொல்லிவிட முடியாது. தொழிற்கணக்கு, வரைபடம் என்று வரும்போது கிராமத்து ஆரம்பப் பள்ளியில் கணக்கு வாத்தியாரே இல்லாமல் படித்தவனுக்குக் கை ஓடும், பேனா ஓடாது. இன்றைய விதிப்படி ஐ.டி.ஐ. செய்முறையில் தேற 60 விழுக்காடும் எழுத்துப் பாடங்களில் தேற 33 விழுக்காடும் வேண்டும். கைக்கு முதலிடம் என்ற அளவில் இதை வரவேற்கலாம். ஆனால் கையை அளக்கிறவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அடுத்தது தொழிற்சாலைப் பாதி. 1961இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. ஆலைக்குள் பழகுநராக இருந்து கற்க வேண்டும், முடிவில் தேசியக் குழு நடத்தும் தேர்வை எழுத வேண்டும். பழகுநர் பயிற்சி பெறுகிறவரே, தொழிலாளி அல்லர் என்று அதே சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழியப் பயிற்சி முடிந்தபின் வேலை தரவேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை. பழகுநர் இடங்களில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு சட்டத்தில் ஏறியது 1973இல்தான். பன்னிரண்டு வருஷம் கழித்து வாசலில் ஒதுக்கீடு வந்தது. உள்ளே தினசரி வேலையை மதிப்பிடுகிற மேசையில் இன்றுவரை வரவில்லை. சூப்பர்வைசரும் ஃபோர்மேனும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டால், 'தொழில்ல சாதி எங்க சார் வந்துச்சு' என்று பதில் வரும். பட்டறைத் தண்ணிப் பானையிலும் சாப்பாட்டு மேசையிலும் வந்தது மார்க்குப் பட்டியலில் மட்டும் வராமல் போய்விடுமா?

2016இல் இரட்டைப் பயிற்சி முறை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பாடம் ஐ.டி.ஐ.யில், செய்முறையின் பெரும்பகுதி ஆலையில். 2020இல் கொரோனா வந்தபின் மூன்றாவது இடமாகக் கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. காணொளிப் பாடம், கணினியில் எழுத்துத் தேர்வு. நிறுவனம், ஆலை, திரை என்று பயிற்சி மூன்றாக உடைந்திருக்கிறது. வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் திரைப் பாதியில் அந்தப் பிள்ளை ஆப்சென்ட். ஒழுங்காக வரவில்லை என்று அதற்கும் மார்க்கு குறையலாம்.

இது கற்பனை இல்லை. ஐ.டி.ஐ. பாடத்திட்டங்களில் உள்மதிப்பீடு பற்றிய பக்கத்தைப் படித்துப் பாருங்கள். குழுவாக வேலை செய்வது, கழிவைக் குறைப்பது, பாதுகாப்பு உணர்வு என்பவற்றோடு நடத்தை, மனப்பான்மை, ஒழுங்காக வருவது ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. கழிவை எடை போடலாம். பாதுகாப்பைக் கண்ணால் பார்க்கலாம். மனப்பான்மையை எந்தத் தராசில் வைப்பது? எதிர்த்துக் கேள்வி கேட்கிற தலித் பையனுக்கு நம் சமூகம் வைத்திருக்கிற பெயர் என்ன? 'திமிர் புடிச்சவன்.' கேள்வி கேட்காதவனுக்குப் பெயர் 'நல்ல பையன்.' களத்து மேட்டில் கைகட்டி நின்றதற்குக் கிடைத்த நெல்லும் நடத்தைக்குக் கிடைக்கிற மார்க்கும் ஒரே மரக்காலில் அளக்கப்படுகின்றன.

அதே பக்கத்தில் நமக்கு உதவுகிற ஒரு வரியும் இருக்கிறது. உள்மதிப்பீட்டுக்கான சான்றுகளையும் பதிவுகளையும் அடுத்த தேர்வு வரை பாதுகாத்து வைக்க வேண்டும், தணிக்கைக்குக் காட்ட வேண்டும் என்கிறது. செய்த ஜாப், நோட்டு, மதிப்பெண் தாள் எல்லாம் இருக்க வேண்டும். இதை நம் மாணவர் அமைப்புகள் எத்தனை இடத்தில் கேட்டிருக்கின்றன? உதவித்தொகை வரவில்லை என்று மறியல் செய்கிறோம், அது நியாயம். மார்க்குப் பதிவேட்டைக் காட்டு என்று ஒரு நாள் உட்கார்ந்திருக்கிறோமா?

இன்னொரு ஆபத்து மரியாதை வேஷத்தில் வருகிறது. 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு எல்லாத் தொழிலையும் படிப்படியாக அடுக்கியது. 2015இல் தொடங்கிய மத்திய திறன் திட்டத்தில் ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற வழியும் உண்டு. பள்ளிக்கூடமே போகாத கொத்தனாருக்கும் வெல்டருக்கும் இது உண்மையிலேயே பயன்படும். கையெழுத்து இல்லாத திறமைக்குக் கையெழுத்துக் கிடைக்கிறது. ஆனால் துப்புரவுத் தொழிலாளிக்கு அதே சான்றிதழைக் கொடுத்து, போட்டோ எடுத்து, திரும்ப அதே சாக்கடைக்கு அனுப்பினால் என்ன அர்த்தம்? மலம் அள்ளுவதை 1993இலும் 2013இலும் சட்டம் போட்டுத் தடை செய்த நாட்டில், அந்த வேலையின் விளிம்பிலேயே ஒருத்தரை நிறுத்திவைத்து 'நீ தேறிட்ட' என்று தாளில் எழுதித் தருவது பழைய தேர்வு முறைதான். தேறினாலும் மேல் வகுப்பு கிடையாது.

2023 செப்டம்பரில் தொடங்கிய விசுவகர்மா திட்டம் இந்தக் கேள்வியை மறுபடி வீதிக்குக் கொண்டுவந்தது. குடும்பம் வழியாக வரும் பதினெட்டுப் பாரம்பரியத் தொழில்கள், பதினெட்டு வயது நிரம்பினால் போதும், ஐந்தாறு நாள் பயிற்சி, சான்றிதழ், கடன். பதினெட்டு வயசில் பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டுமா, தகப்பனின் தொழிலுக்குத் திரும்ப வேண்டுமா? 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு இந்த வடிவத்தில் இதைச் செயல்படுத்த முடியாது என்று மறுத்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கச் சொன்னது, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கச் சொன்னது. 2025 ஏப்ரலில் அந்த வயது வரம்போடு தன் சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது. 1953இன் நினைவு இந்த மண்ணில் சாகவில்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் குலத்தொழிலை மறுப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. நம் பிள்ளைகள் போகிற புதுத்தொழிலில் மார்க்குப் போடுகிற மேசை யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது மிச்சமிருக்கிறது.

அதற்குச் சில கோரிக்கைகளை விவாதத்துக்கு வைக்கலாம். பட்டறையிலும் ஆலையிலும் போடுகிற ஒவ்வொரு மார்க்கும் எதற்காக என்று எழுதப்பட்டு, அதன் நகல் பயிற்சி பெறுகிறவர் கையில் அதே வாரம் வர வேண்டும். அளக்கக்கூடியதை அளந்தே மார்க்குப் போட வேண்டும். நடத்தை, மனப்பான்மை என்ற தலைப்புகள் போய், செய்த செயலும் செய்யாத செயலும் தேதியோடு எழுதப்பட வேண்டும். ஆலைப் பாதியை ஆலைக்காரர் மட்டும் மதிப்பிடாமல் வெளியாள் ஒருவரும் மதிப்பிட வேண்டும். மதிப்பிடுகிறவர்களின் பட்டியலிலும் ஒதுக்கீடு வேண்டும். மறு அளவீடு கேட்கிற உரிமை வேண்டும். முக்கியமாக, எந்தச் சான்றிதழும் வேறொரு தொழிலுக்கோ மேற்படிப்புக்கோ கதவு திறப்பதாக இருக்க வேண்டும். சாக்கடையில் இறங்கியவருக்குத் தருகிற பயிற்சி அவரை வண்டி ஓட்டுநராக, இயந்திரம் இயக்குபவராக, மின்பணியாளராக வெளியே கொண்டுவர வேண்டும். கொண்டுவராத சான்றிதழ் நமக்கு வேண்டாம்.

ஐ.டி.ஐ.யில் படிக்கிற, ஆலையில் பழகுகிற தோழர்கள் முதல் வேலையாக ஒன்று செய்யலாம். உங்கள் உள்மதிப்பீட்டுப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். தனியாகக் கேட்காதீர்கள், பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எழுதிவையுங்கள்.